உபயம்: மர்ஹூம் சௌக்கத் அலி

ஷம்ஷாத்தின் கையெழுத்து அழகு. அதில் யாருக்கும் இரண்டாவது பேச்சு கிடையாது. ராயபுரத்தில் ரயிலடிக்குப் பின்னால் இருக்கிற சந்தில் இருபது வருஷம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவள். அவள் சிலேட்டில் போட்ட அரபி முதலெழுத்து அலிஃப் ஆணியடித்து நிறுத்தியதுபோல் நிற்கும். அந்த எழுத்துதான் அவளுக்குத் தண்டையார்பேட்டை குடோனில் வேலை வாங்கிக் கொடுத்தது. அதே எழுத்துதான் அவள் குடியைக் கெடுக்கவும் பார்த்தது.

குடோன் முன்னே அரிசி மண்டியாக இருந்தது. இப்போது ஒரு டிரஸ்ட்காரர்கள் வாடகைக்கு எடுத்து ஆஸ்பத்திரிச் சாமான் சேர்க்கிறார்கள். கட்டில், வீல்சேர், வாக்கர், சலைன் ஸ்டாண்டு, ஆக்சிஜன் மிஷின். நர்சிங் ஹோம்காரன் புதுசு வாங்கினால் பழசு இங்கே வரும். ஆனால் முக்கால்வாசி சாமான் வீடுகளிலிருந்து வருவதுதான். ஒருத்தர் படுத்த படுக்கையாகிவிட்டால் கடன் உடன் பட்டாவது கட்டில் வாங்குவார்கள். அவர் போன பிறகு அந்தக் கட்டிலைக் கண்கொண்டு பார்க்க முடியாது. கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அதையெல்லாம் துடைத்து, ரிப்பேர் பார்த்து, கன்டெய்னரில் ஏற்றி, ஆப்பிரிக்காவை ஒட்டிய கொமொரோ தீவுக்கு அனுப்புவது வழக்கம். அங்கே சில கிராமத்து ஆஸ்பத்திரிகளில் சுவரும் கூரையும்தான் இருக்கும், உள்ளே ஒரு கட்டில்கூட இருக்காது என்று மேனேஜர் மொஹ்சின் சொல்வான்.

துடைக்கிற வேலை ஷம்ஷாத்துக்கும் மங்கைக்கும். மங்கை திருவொற்றியூர் குப்பத்துக்காரி, புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், வாய் மட்டும் ஓயாது. வீல்சேர் சக்கரத்தில் சுற்றிக்கிடக்கும் நரைமுடியைக் கத்தரியால் வெட்டி எடுப்பார்கள். மெத்தை உறைக்குள் ஒரு தடவை பல்செட் கிடைத்தது. வாக்கர்களின் ரப்பர் பிடியில் நாலு விரல் பள்ளம் அப்படியே இருக்கும். அதில் கைவைத்தால் யாரோ நம் கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும் என்று மங்கை கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவாள்.

மிஷின்களைச் சோதிக்கிற நாளில்தான் இன்னும் மோசம். இருபது ஆக்சிஜன் மிஷினை வரிசையாக வைத்து ஒரே நேரத்தில் போடுவார்கள். முதலில் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு டுப், ஸ்ஸ் என்று மூச்சு விடும். பகல் பதினொரு மணிக்கு, தகரக் கூரைக்குக் கீழே வெயில் கொதிக்கும்போது, எப்படியோ ஒரு நேரம் பார்த்து இருபதும் ஒரே மூச்சாகச் சேர்ந்துகொள்ளும். வேலை செய்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

"பொணமெல்லாம் ஒக்காந்துகினு மூச்சு வுடுதுங்கோ" என்பாள் மங்கை. "வா பாயம்மா, வெளிய போய் டீ குடிச்சிட்டு வரலாம்."

இந்தச் சாமானுக்கெல்லாம் பேர்ச்சீட்டு எழுதுவது ஷம்ஷாத். அந்தத் தீவு ஜனங்கள் அரபு எழுத்துப் படிப்பார்கள் என்பதால் அரபியில். கொடுத்தவர் பேர் அதில் இருக்காது. தன் பேரில் கொடுத்தால் பெருமைக்குக் கொடுத்ததாகிவிடும். போனவர் பேரில் கொடுத்தால், அந்தச் சாமான் எத்தனை நாள் ஒருத்தருக்கு உதவுகிறதோ அத்தனை நாளும் நன்மை கபுர்க் குழியில் இருப்பவருக்குப் போய்ச்சேரும். ஆகையால் ரிஜிஸ்டரில் இருப்பதெல்லாம் மௌத்தாகிப் போய்ச்சேர்ந்தவர்கள் பேர்தான். ஷம்ஷாத் முதலில் 'அல் மர்ஹூம்', காலஞ்சென்றவர், என்று எழுதிவிடுவாள், பொம்பளையாக இருந்தால் கடைசியில் ஒரு சின்ன வட்டமும் இரண்டு புள்ளியும் சேர்த்து 'மர்ஹூமா', பிறகுதான் ரிஜிஸ்டரைப் பார்த்துப் பேரை எழுதுவாள். நாலு வருஷத்தில் தொள்ளாயிரம் சீட்டு எழுதியிருப்பாள். பேனா தானே போகும்.

அவள் வீட்டிலும் ஒரு மிஷின் இருந்தது. புருஷன் சௌக்கத் அலி ஹார்பரில் முப்பது வருஷம் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். நிலக்கரிக் கப்பல். நெஞ்சில் பாதி கரி, காதில் பாதி செவிடு என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கொரோனா இரண்டாவது சுற்றில் விழுந்தார். எந்த ஆஸ்பத்திரியிலும் இடமில்லை. மகள் சைமா மருந்துக்கடையில் வேலை பார்த்ததால் எங்கெங்கோ அலைந்து ஒரு மிஷின் வாங்கிவந்தாள். ஏழு மாசம் அந்த வீட்டில் மிஷின் சத்தம் ஓயவில்லை. நடுவில் ஷம்ஷாத்துக்கும் வந்தது. நாலு நாள் ஒரே மிஷினில் இரண்டு பேர். சைமா விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டி மாட்டிப் பார்த்து, அத்தாவுக்குக் கொஞ்சம் ஏறினால் டியூபைக் கழற்றி அம்மாவுக்கு, அம்மாவுக்கு ஏறினால் அத்தாவுக்கு. அப்போதுதான் ஷம்ஷாத் நேர்ச்சை செய்தாள். இந்த மனுஷனை எழுப்பி உட்காரவை, இந்த மிஷினை இல்லாதவங்களுக்குக் கொடுத்துடறேன்.

எழுந்து உட்கார்ந்தார். நேர்ச்சை மட்டும் பாக்கி நின்றது. மறுபடி வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் மிஷின் கட்டிலுக்கடியில் துணி போர்த்திக் கிடந்தது. போன பொங்கலுக்கு முந்தின கன்டெய்னரில்தான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு, நேர்ச்சை அவருக்காக என்பதால் ரிஜிஸ்டரில் அவர் பேரையே போட்டு, அதை ஏற்றிவிட்டாள். அன்றைக்கு நாற்பத்தாறு சீட்டு. நாற்பத்தாறையும் ஒரே இருப்பில் எழுதினாள்.

நோன்புப் பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை அது ஆரம்பித்தது. சாப்பிட்டுப் படுத்தெழுந்து, டீ கிளாஸைக் கையில் வாங்கின சௌக்கத் அலி, "யாரது, உள்ள வாங்க" என்றார் வாசலைப் பார்த்து.

"யாரும் வரலியே" என்றாள் ஷம்ஷாத்.

"என் பேரச் சொல்லிக் கூப்புட்டாங்களே. ஒரு பொம்பள."

எதிரில் நின்று தொண்டை கிழியக் கத்தினால்தான் அவருக்குக் கேட்கும். சமையல்கட்டில் நின்ற அவள் காதுக்கே கேட்காத குரல் இவருக்கு எப்படிக் கேட்டது? சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைத் தடவினார். உதடு நீலம் பாய்ந்தது. ஆக்ஸிமீட்டரைத் தேடி மாட்டினாள். எண்பத்தொன்பது. கால் மணி நேரத்தில் அதுவே தொண்ணூற்றாறுக்கு ஏறிவிட்டது. மூணேகால் மணிக்கு ஆரம்பித்து மூணரைக்கு முடிந்த காரியம்.

அடுத்த வெள்ளியும் மூணேகால். அதற்கடுத்த வெள்ளியும். எண்பத்தெட்டு, எண்பத்தாறு.

"டாக்டரு எக்ஸ்ரே பாத்துட்டு நல்லா கீதுன்னு சொல்லிட்டாரு" என்றாள் சைமா. "சாப்ட்டு ஒடனே படுக்காதீங்க அத்தா. எண்ணூர்லருந்து காத்து அடிக்கிற நாள்ல எனக்கே மூச்சு முட்டுது."

"காத்து வெள்ளிக்கெழமைக்கி மட்டுமா அடிக்கிது?" என்றார் அவர். "அது கூப்புடறது கெட்ட கொரலு இல்ல. அன்பாதான் கூப்புடுது. அத்தொட்டுதான் எனக்கு பேஜாரா கீது. ஷௌகாத்தி, ஷௌகாத்தின்னு இஸ்த்து இஸ்த்துச் சொல்லுது. கேட்டா போவணும்போல கீது."

போகணும்போல் இருக்கிறது என்று அவர் சொன்ன அன்று ஷம்ஷாத் சோறு தின்னவில்லை.

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த வாரம், ஒரு சனிக்கிழமை, மொஹ்சின் செல்போனைத் தூக்கிக்கொண்டு சிரித்தமுகமாக வந்தான்.

"மாமி, கொமொரோல இருந்து போட்டோ அனுப்பிக்கிறாங்கோ. பாருங்க, இது ஒங்க வூட்டு மிஷினுதான?"

அதேதான். பக்கவாட்டில் சைமா ஒட்டின மருந்துக்கடை ஸ்டிக்கர் கூட இருந்தது. பக்கத்தில் கட்டிலில் ஆறேழு வயசுப் பெண்குழந்தை, மூக்கில் டியூப், கண் மட்டும் பெரிசாக. தலைமாட்டில் பூப்போட்ட துணி போர்த்திய அம்மாக்காரி.

"நல்லா பாத்துக்கறாங்க மாமி" என்றான் மொஹ்சின். "அங்க இன்னா பண்றாங்க தெரியுமா? ஒவ்வொரு மிஷின் மேலயும் கீற பேர, ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் சொல்லிச் சொல்லி, மௌத்தானவங்களுக்குன்னு ஃபாத்திஹா ஓதறாங்களாம்."

ஷம்ஷாத் இரண்டு விரலால் படத்தைப் பெரிசு பண்ணினாள். சீட்டு தெளிவாகத் தெரிந்தது. ஆணியடித்து நிறுத்தின அலிஃப். அல் மர்ஹூம் சௌக்கத் அலி.

அவள் கைதான். வேறு யார் கையும் இல்லை. உயிரோடு, ஹயாத்தாக வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிற மனுஷனை அவளே எழுதிச் சாகடித்து, கப்பலேற்றியும் விட்டிருக்கிறாள்.

"மொஹ்சினு, அங்க இப்ப மணி இன்னா?"

"நம்பளுக்கு ரெண்டரை மணி நேரம் பின்னால மாமி. ஏன்?"

அவள் விரல்விட்டு எண்ணினாள். அங்கே ஜும்ஆ முடிந்து ஃபாத்திஹா ஓதுகிற நேரம், பன்னிரண்டே முக்கால். இங்கே மூணேகால். வாக்கர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மொஹ்சின் தண்ணீர் கொண்டுவர ஓடினான். மங்கைதான் பக்கத்தில் வந்து குந்தினாள். "இன்னா பாயம்மா, மூஞ்சி ஏன் இப்டி சுண்டிப்போச்சி?"

ஒன்று விடாமல் சொன்னாள் ஷம்ஷாத். மங்கை சிரிக்கவில்லை.

"எங்க கோயில்ல டியூப் லைட்டு குடுத்தாக்கூட உபயம்னு போட்டு அவன் பேரத்தான் எழுதிக்குவான்" என்றாள் மெதுவாக. "வெளிச்சம் வர்தோ இல்லியோ பேரு தெரியும். நீங்கோ செத்தவங்க பேர எழுதறீங்கோ. ரெண்டுலயும் ஒரு வம்பு கீது பாரு."

"என் கை வெளங்காமப் போவ."

"கைய ஏன் திட்ற? எம் புருசன் மீன் புடிக்கப் போன போட்டு ஆறு நாளு வரல. ஏழாம் நாளு எங்க மாமியாரு போட்டோக்கு மாலய போட்டுச்சு. நான் சண்ட போட்டேன். உசுரோட கீற மனுசனுக்கு மாலய போட்டா கடலு எடுத்துக்கும்னு. எடுத்துகிச்சி. மாலய போட்டதால எடுத்துச்சா, எடுத்ததால மாலய போட்டாங்களா, எனக்கு இன்னிவரைக்கும் தெரிலை." மங்கை எழுந்து முந்தானையை உதறினாள். "நீ அந்தச் சீட்ட கியிக்கச் சொல்லு. இன்னிக்கே சொல்லு."

சொன்னார்கள். மொஹ்சின் நம்பினானோ இல்லையோ, பெரிய மனுஷி அழுவதைப் பார்த்துவிட்டுப் போன் போட்டான். அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் பேர் மரியமா, இங்கிலீஷ் பேசுவாள். பேர் தப்பாக விழுந்துவிட்டது, சீட்டை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னான். அவள் சரி என்றாள். ஒரு மணி நேரம் கழித்து அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. குழந்தையின் அம்மா பேசினது. கூடவே நர்ஸ் எழுதி அனுப்பின அர்த்தத்தை மொஹ்சின் தமிழில் சொன்னான்.

"இந்த மிஷின்ல முன்னால மூச்சு வுட்டவரு பேரச் சொல்லித்தான் அந்தம்மா வெள்ளிக்கெழம தோறும் புது டியூபு மாட்டுதாம். அவரு வுட்டுட்டுப்போன மூச்சுல மிச்சம் எம் பொண்ணுக்குன்னு சொல்லுது. செத்தவரு மூச்சுன்னா அது அவரு வச்சிட்டுப்போன சொத்து, வாங்கிக்கலாமாம். உசுரோட கீறவரு மூச்சுன்னா திருட்டாம். பேரு தப்புன்னா, அப்ப இதுல மூச்சு வுட்டது யாரு, அவரு மௌத்தா ஹயாத்தான்னு கேக்குது. ஹயாத்துன்னா இப்பவே டியூபைக் கயட்டிடறேங்குது."

"கயட்டிட்டா?"

"அந்தத் தீவுலயே மொத்தம் ரெண்டு மிஷினுதான் ஓடுதாம் மாமி. கொயந்த ஒரு மணி நேரம்கூட தாங்காதுன்னு நர்ஸ் எழுதிக்கிறா."

"சும்மா எங்க அத்தா பேர சொல்லிடட்டா? அவரு எப்பவோ போய்ட்டாரு."

"அவரு இதுல மூச்சு வுடலியே மாமி. அந்தம்மா அதத்தான கேக்குது?"

ரிஜிஸ்டரைப் பார்த்துச் சரியான பேர் அனுப்புகிறோம், அதுவரை டியூபும் சீட்டும் அப்படியே இருக்கட்டும் என்று மொஹ்சின் நர்ஸுக்கு எழுதிவிட்டான். ஷம்ஷாத் அந்தப் பதிவைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சமையல்கட்டில் நின்று, சத்தத்தை நன்றாகக் குறைத்து, காதோடு வைத்துக் கேட்டாள். ஒன்றும் புரியவில்லை. நடுநடுவே 'ஷௌகாத்தி' மட்டும் புரிந்தது. பின்னால் டுப், ஸ்ஸ், டுப், ஸ்ஸ் என்று அவள் வீட்டு மிஷின்.

"அந்தப் பொம்பளதான்" என்றார் சௌக்கத் அலி.

முன்னறையிலிருந்து எழுந்துவந்து வாசற்படியில் நின்றிருந்தார். பக்கத்தில் குக்கர் விசில் அடித்தாலும் கேட்காத மனுஷன்.

"அந்தக் கொரலுதான் ஷம்ஷாத்து. யாரு அது? எங்க கீது?"

அதற்குமேல் மறைக்க அவளால் முடியவில்லை. எல்லாவற்றையும் அவர் காதோரம் கத்திக் கொட்டிவிட்டாள். அவர் மணையைப் போட்டு உட்கார்ந்து கேட்டார். போட்டோவை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு அவருக்கே உரிய கரகரத்த சிரிப்பு வந்தது.

"அட, இவ்ளோதானா? நான் இன்னாவோ ஏதோன்னு பயந்துகினு இருந்தேன். இந்தப் புள்ளைக்கி வேண்டியா கூப்புடறாங்கோ?"

"சிரிக்காதீங்க. எண்பத்தாறுக்கு எறங்கிடுச்சி. அடுத்த வாரம் இன்னா ஆவுமோ."

"ஷம்ஷாத்து, ஹார்பர்ல வின்ச்சுல தூக்கின சரக்க நடுவுல வுட முடியாது. கீழ ஆளு நிப்பான். கை போனாலும் எறக்கித்தான் வைக்கணும்." போட்டோவைத் திருப்பிக் கொடுத்தார். "அங்க மௌத்தா இருந்துட்டுப் போறேன். இங்க ஹயாத்தா கீறேன்ல. அந்தச் சீட்டு இருக்கட்டும்."

"எனக்கு நீங்க வேணும்" என்றாள் ஷம்ஷாத். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. அவருக்குக் கேட்டதோ இல்லையோ, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு அஸர் தொழுகைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க ஷம்ஷாத்துக்கு வேலை ஓடவில்லை. சீட்டு இருந்தால் புருஷன். சீட்டு போனால் யார் பெற்ற பிள்ளையோ. அந்தக் குழந்தையின் பெரிய கண் துடைக்கிற ஒவ்வொரு மிஷின் மேலும் தெரிந்தது. எவளோ ஒருத்தி, தன் பிள்ளை சாகக்கிடக்கும்போதும் திருட்டு மூச்சு வேண்டாம் என்கிறாள். அவளிடம் கோபப்படக்கூட முடியவில்லை. கோபமெல்லாம் தன் வலதுகைமேல்தான். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மிஷின்களைச் சோதித்தார்கள். இருபதும் ஒரே மூச்சாகச் சேர்ந்தபோது ஷம்ஷாத் வெளியே ஓடவில்லை. நடுவில் நின்று கேட்டாள். அவள் மூச்சும் அந்தத் தாளத்துக்கே போய்வந்துகொண்டிருந்தது. அதே தாளத்தில் அவள் ஏற்கெனவே நாலு நாள் மூச்சு விட்டிருக்கிறாள்.

அந்த மிஷினில் மூச்சு விட்டது இரண்டு பேர்.

போய் மேஜையில் உட்கார்ந்தாள். சீட்டுக் கட்டை எடுத்தாள். பேனா தானே போய் 'அல் மர்ஹூம்' என்று எழுதி நின்றது. அதன் கடைசியில் ஒரு சின்ன வட்டம் போட்டாள். மேலே இரண்டு புள்ளி வைத்தாள். பிறகு பேரை எழுதினாள். அவள் எழுதின தொள்ளாயிரம் சீட்டில் இதுதான் அழகு.

"யார் பேரு பாயம்மா?" என்று எட்டிப்பார்த்தாள் மங்கை. அரபி அவளுக்கு ஏது.

"தெரிஞ்சவங்கதான்."

"செத்தவங்கதான?"

"சீட்டுல அப்டிதான் எழுதிக்கிறேன்."

மொஹ்சின் படித்துவிட்டான். அரபி ஓதினவன். "மாமி, இது வேணாம். நான் அனுப்ப மாட்டேன்."

"இது பொய்யி இல்ல மொஹ்சினு. முக்காவாசி நெஜம். அதுல நானும் மூச்சு வுட்டேன். மீதிய அல்லா பாத்துக்குவான். தப்பு பண்ணது என் கை, அதுக்கு அவர எதுக்கு வம்புல வுடணும்? அனுப்பு. மொதல்ல அனுப்பினது தப்பு, இந்தப் பேருதான் சரின்னு சொல்லு. சைமாவோட அத்தா கிட்ட ஒரு வார்த்த மூச்சு வுடாத."

அவன் போட்டோ எடுத்து அனுப்பினான். சாயங்காலத்துக்குள் மரியமாவிடமிருந்து பதில் வந்துவிட்டது. பழைய சீட்டை உரித்துவிட்டார்கள். புதுச்சீட்டை அப்படியே பிரிண்ட் எடுத்து ஒட்டிவிட்டார்கள். குழந்தை கஞ்சி குடித்தது. பேர் படிக்கச் சுலபமாக இருக்கிறது என்று அந்த அம்மா சந்தோஷப்பட்டாளாம்.

வெள்ளிக்கிழமை ஷம்ஷாத் இறால் வாங்கி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். சௌக்கத் அலி மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டதும் படுக்கவில்லை. தானே ஆக்ஸிமீட்டரை மாட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சைமாவும் கடைக்கு லீவு போட்டுவிட்டு அவர் பக்கத்தில் இருந்தாள்.

மூணு பத்து. தெருவில் ஐஸ்காரன் மணியடித்துப் போனான். மூணேகால். மூணு இருபது.

"தொண்ணூத்தேழு" என்றாள் சைமா. "பாத்தீங்களா அத்தா, நான் சொன்னேன்ல? எல்லாம் மனசுதான்."

"யாரும் கூப்புடலியே" என்றார் சௌக்கத் அலி. அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது. "அந்தப் புள்ளைக்கி இன்னா ஆச்சோ தெரிலியே. ஷம்ஷாத்து, மொஹ்சினுக்கு போன் போட்டு..."

சமையல்கட்டிலிருந்து டீயோடு வந்துகொண்டிருந்த ஷம்ஷாத் நடுவீட்டில் நின்றாள். வாசல் பக்கம் தலையைத் திருப்பினாள். வாசலில் வெயில்தான் இருந்தது.

"தோ வரேம்மா" என்றாள்.

சைமா அம்மாவையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்தாள். சௌக்கத் அலி கட்டிலை விட்டு எழுந்தார். காது கேட்காத அந்த மனுஷனுக்கு இப்போது அவள் முகமே போதுமானதாக இருந்தது. அவள் உதட்டில் ஏறுகிற நீலத்தைப் பார்த்தார்.

"சீட்டுல இன்னா எழுதின நீ?" என்றார்.

"ஒங்க பேர எடுத்தாச்சு" என்றாள் ஷம்ஷாத். "டீ ஆறிக்கினு கீது, குடிங்க."